தெற்குச் சுவரில் ஒரு வாசல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் கோயிலின் யூபிலி மலருக்கு, கோயிலுக்குப் படம் வரைந்து தந்த ஆங்கிலேயரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பங்குத்தந்தை மில்ரன் கேட்டார். ஓம், எழுதுகிறேன் என்றேன். அந்த இரண்டு பக்கம் எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. கட்டுரையைக் கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன்.

(மன்னாரில், தாழ்வுபாட்டுக்கு அப்பால் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் தரமாட்டேன்.)

2

கிழித்ததன் தொடக்கம்: "ஆதர் வின்ஸ்லேட் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தன் கலையால் இறைவனின் இல்லங்களை..."

தூ. சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரூராகக் கோயில் வரைந்தார், பதக்கம் வாங்கினார், கிழவயதில் மன்னாருக்கும் ஒன்று வரைந்து அனுப்பினார். கப்பலேறவில்லை. பனி வழுக்கி விழச் செங்குத்தாகக் கூரை வைத்தார். இங்கே பனி விழுவது பாலன் பிறப்புக்குக் கட்டும் நத்தார்க் குடிலில் மட்டும்தான், அதுவும் பஞ்சு. அங்கே செய்ததுபோலவே பீடம் கிழக்கில், வாசல் மேற்கில். கடல் இருப்பதோ தெற்கில். தெற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே சின்ன யன்னல்கள் மட்டும் வைத்தார்; சனம் வெளியே பராக்குப் பார்க்கக் கூடாதாம்.*

* அவருடைய நாயின் பெயர்கூட எனக்குத் தெரியும். பிறகு அந்தச் சுவரை உடைத்து வாசல் வைத்த எங்கள் ஆட்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

3

ஒரு வீட்டின் வள்ளம் கடலில் நிற்கும்போது அந்த வீட்டுப் பெண் பூசைக்கு வந்தால் தெற்கு வாசலில், கடலைப் பார்த்தபடி இருப்பாள். வள்ளம் கரை தொட்ட பிறகுதான் பீடத்தின் பக்கம் திரும்புவாள். இது எங்கள் வழக்கம். போன வருடம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் சந்தியோகு கடலுக்குப் போனார். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அவருடைய மனைவி மேரி ரோஸ் இன்னும் திரும்பவில்லை.

இப்போது இங்கிலாந்துச் சங்கம் ஒன்று கோயிலைத் திருத்தித் தருகிறது. ஒரே நிபந்தனை: வின்ஸ்லேட்டின் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். வாசலை அடைக்க வேண்டும். அடைப்பது சரி என்று என் இரண்டு பக்கம் சொல்ல வேண்டும்.

"அடைச்சா அந்தப் பொம்பிளையள் எங்க இருக்கிறது, பாதர்?" என்று கேட்டேன்.

"பீடத்தைப் பார்த்து இருக்கட்டும். கோயிலுக்க கடல் பார்க்கவே வாறது?"

பின்னால் நின்ற மேரி ரோஸ் சொன்னார்: "அவரைக் கொண்டுவந்து அடக்கம் செய்து தாங்கோ, பாதர். அண்டைக்குத் திரும்பி இருக்கிறன்."

4

வின்ஸ்லேட்டைக் கொடியவராக்கிப் பார்த்தேன். ஆள் மசியவில்லை. கண் மங்கிய கிழவர், அடுப்போரம் பென்சில் சீவிக்கொண்டு, அந்தக் குளிரில் அவர்...

விடுங்கள். கடல் எந்தப் பக்கம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவர் பிழை. அவருக்குத் தெரியாது. இங்கே பாதருக்கும் அவரோடு நிற்பவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் மேரி ரோஸைப் பார்த்துக்கொண்டுதான் அடைக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பற்றி எரிவது அதனால்தான்.

5

முடிவு ஒன்று: வின்ஸ்லேட் கப்பலேறி வந்து, கடலைப் பார்த்து, வாசலைத் தன் கையாலேயே படத்தில் கீறிச் சேர்க்கிறார். பச்சைப் பொய். வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு: சந்தியோகுவின் வள்ளம் வருகிறது. இதை மேரி ரோஸுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பிடி எழுதாதேங்கோ, தம்பி," என்றார். "நான் நம்பிப்போடுவன்."

அதையும் வெட்டினேன்.

6

இன்று காலை மேசன் ரொபின்சன் சீமெந்து குழைத்துவிட்டார். கற்களை வாசலருகே குவித்து அடுக்கியாயிற்று. மேரி ரோஸ் வீட்டிலிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து வாசலின் நடுவே போட்டு, அதில் கடலைப் பார்த்து இருக்கிறார். பாதர் படத்தை விரித்துப் பிடித்தபடி "வை, வை" என்கிறார். ரொபின்சன் கையில் முதல் கல்.

இதற்கு மேல் எழுதமாட்டேன். நான் வரி வரியாக எழுதித்தானே இந்தக் கல் வாசல்வரை வந்தது; நிறுத்தினால் கல்லும் இங்கேயே நிற்கும்.

ரொபின்சன் பாதரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாசிக்கிற உங்களைத்தான் கேட்கிறார்.

"சீமெந்து இறுகுது. வைக்கிறதோ, விடுறதோ? சொல்லுங்கோ."

மேரி ரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை.