காலி வண்டியில் எடுத்த அளவு

காலையிலேயே எனக்குக் கோபம் வரவைப்பதற்கென்று சில பேர் பிறந்திருக்கிறார்கள். குருபிரசாத் அதில் முதல் ஆள். காரை விட்டு இறங்கும்போதே போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான்.

"மக்களே, திருப்பரங்குன்றம் ரோட்டுல இருக்கிற வீல் அலைன்மென்ட் கடை இது. அஞ்சே மாசத்துல என் முன் டயர் ரெண்டையும் காலி பண்ணிட்டாங்க. பொம்பள கையில வண்டியக் குடுத்தா இதுதான் நடக்கும்."

அந்தப் பொம்பளை நான்தான். பெயர் தங்கப்பொண்ணு. எங்கள் கடையில் டயரைக் கழற்றி மாட்டுவது என் வீட்டுக்காரர் சோலைமலை. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மெஷினில் பார்த்துச் சரிசெய்வது நான். ஏழு வருஷமாக நான்தான். ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டிப் போய் அவரிடம், "அண்ணே, நீங்களே பாத்துருங்கண்ணே" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குருபிரசாத்தும், கூடவே காரில் வந்திருந்த அவன் தம்பி விஸ்வநாத்தும் தல்லாகுளத்தில் ஜிம் நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு பீரோ அகலம். அவர்கள் போடும் வீடியோவை ஊரே பார்க்கும். இதையும் பார்த்தால் அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்? ஏற்கெனவே தயங்கித் தயங்கித்தான் வருகிறார்கள்.

நன்றாக இருந்த காரை, ஸ்பிரிங்கை மாற்றி மூன்று விரக்கடை தரையோடு இறக்கி வைத்திருந்தார்கள். அழகாம். அப்படி இறக்கினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், நேராக நிற்க வேண்டிய முன்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பார்க்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் புது டயரோடு என்னிடம் கொண்டுவந்தார்கள். சரிசெய்து கொடுத்தேன். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கிப் படிந்ததும் ஒரு மாதத்தில் மறுபடி வாருங்கள் என்றும் சொன்னேன். வரவில்லை.

"என்ன ஆச்சு டயருக்கு?" என்று கேட்டேன்.

"வெளிய பாத்தா புதுசாத்தான் இருக்கு. உள்ள கைய விட்டுப் பாருங்கண்ணே" என்றான் சோலைமலையிடம். நான் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதில்!

நானே குனிந்து கையை விட்டேன். வெளிப்பக்கம் ரப்பர் பட்டன் பட்டனாகத் தேயாமல் அப்படியே இருந்தது. உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து, விளிம்பில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. விரலில் குத்தி ரத்தம் வந்துவிட்டது.

"இந்த டயர்லயா ரோட்டுல போய்க்கிட்டு இருக்க?"

"நேத்துகூட எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு மேலூர் போயிட்டு வந்தோம்."

"பெத்தவள வச்சுக்கிட்டு கம்பி தெரியிற டயர்ல போவியா? வெடிச்சா என்னடா ஆகும்? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா உள்பக்கம் தடவிப் பாக்க வலிக்குதா?"

"நீ ஒழுங்கா பண்ணிருந்தா நான் எதுக்குத் தடவணும்?"

ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றுவிட்டார்கள். "ஏத்து வண்டிய" என்றேன். அளவு பார்க்கிற குழி மேல் ஏற்றிவிட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் இறங்கினார்கள். சோலைமலை நாலு சக்கரத்திலும் சென்சாரை மாட்டினார். திரையில் எண்கள் வந்தன. எல்லாம் பச்சை. ஸ்பிரிங்கூடப் படியவில்லை. நான் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வந்து பாருங்கய்யா எல்லாரும்! ஒரு புள்ளி மாறல. இது பொம்பள வச்ச அளவு! எடுடா, இதையும் வீடியோ எடு! வண்டிய ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு என்கிட்ட வந்து கத்துறியா?"

டீ கிளாஸோடு நின்றவர்கள் சிரித்தார்கள். குருபிரசாத்தின் முகம் தொங்கிப்போனது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஏறுடா, வேற கடை பாப்போம்" என்று தம்பியை அதட்டினான். ஒருவன் ஸ்டியரிங் பக்கம், ஒருவன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார்கள். கார் பொசுக்கென்று இறங்கியது.

திரை சிவந்தது.

முன்சக்கரம் இரண்டும் விலகிப் பார்த்தன. கொஞ்சநஞ்சம் இல்லை, டயரை ஐந்து மாதத்தில் தின்று தீர்க்கிற அளவு. அன்றைக்குக் காலி வண்டியில் அளவு எடுத்திருக்கிறேன். சாதாரணக் காருக்கு அது போதும். இவ்வளவு இறக்கின காருக்குப் போதாது. தினமும் அதில் யார் ஏறுகிறார்கள் என்று கேட்டு, அந்த எடையை ஏற்றி வைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அன்றைக்கும் அவன், "அண்ணே, நீங்களே பாத்துருங்கண்ணே" என்றுதான் உள்ளே வந்தான். அந்தக் கடுப்பில் அவனிடம் ஒரு வார்த்தை பேசப் பிடிக்காமல், மளமளவென்று முடித்து அனுப்பிவிட்டேன்.

திரை என் பக்கம் பார்த்து இருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. சோலைமலை சென்சாரைக் கழற்றக் குனிந்துவிட்டார். கழற்றினால் திரை அணைந்துவிடும். இவன் இந்தப் பக்கமே இனி வரமாட்டான், ஜெயித்தது நானாக இருக்கும். ஒத்துக்கொண்டால் என் தொழிலுக்கு நானே கொள்ளி வைத்த மாதிரி. பொம்பள கை என்று அவன் சொன்னதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த கடையிலும் காலி வண்டியில்தான் அளவு எடுப்பார்கள். மறுபடி கம்பி தெரியும். மறுபடி அந்த அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து மேலூர் போகும். குத்தின விரல் விண்விண்ணென்று வலித்தது.

"கழட்டாதீங்க!" என்று கத்தினேன். சோலைமலை பயந்துபோய் நிமிர்ந்தார். "டேய் குருபிரசாத், போன எடு. ஆன் பண்ணு."

இன்னொரு சண்டை என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக நீட்டினான். திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"நல்லாப் பிடி. இந்தச் செவப்பு தெரியுதா? நீங்க ரெண்டு பேரும் ஏறினதும் வந்தது. காலி வண்டியில அளவெடுத்தது என் தப்பு. எறக்கின வண்டிக்கு ஆள ஏத்தி வச்சுப் பாக்கணும். நான் பாக்கல. பொம்பளங்கிறதால இல்ல, ஒன் மேல இருந்த கோவத்துல பாக்கல. டயர் போனது என்னாலதான். எதையும் வெட்டாமப் போடு."

டீ கிளாஸோடு நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சோலைமலை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். குருபிரசாத் போனை மெல்லக் கீழே இறக்கினான்.

"எறங்காத" என்றேன். "இந்த டயரோட ஒன்ன ரோட்டுல விடமாட்டேன். புதுசு மாட்டி, ஒங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சே அளவு வைக்கிறேன். நீ எம்புட்டு எடை?"

"தொண்ணூத்தாறு கிலோக்கா" என்றான், என்னைப் பார்த்து. "அம்மாவையும் வரச் சொல்லவாக்கா?"

"சொல்லு" என்றேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.