பகலவன் காலடி

பகலவன், வயசு இருபத்தஞ்சு, ஊரு குத்தாலம் பக்கம், இப்ப இருக்கறது மலேசியாவுல ஜோகூர். அவன் கால் தரையில பதியறதில்ல. ஈர மணல்ல நடந்தாலும் சரி, குளிச்சிட்டு சிமெண்டுத் தரையில வந்தாலும் சரி, தடம் விழாது. முன்னாடி விழுந்துச்சு. சின்னதுல கதிரறுக்கற கருக்கருவா பட்டு வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமா திரும்பின தடம். உழுத சேத்துலயே ஓடிப் பழகுன காலு, குதிகால் பொதையறதுக்குள்ள விரல உருவிடுவான். மாவட்டத்துல அவன முந்த ஆளில்ல. அதனாலதான் கூடப் படிச்ச அரவிந்தன், ஜோகூர்ல ஷூ கம்பெனி இஞ்சினியரு, அவனக் கூப்புட்டான். "நீ சும்மா ஓடுடா மச்சான், மிச்சத்த நான் பாத்துக்கறேன். மொத ஜோடி உனக்குத்தான், அதப் போட்டு நீ இந்தியாவுக்காகவே ஓடுவ."

கால்ல ஒயர ஒட்டிகிட்டு வருஷம் முழுக்க மெஷின் மேல ஓடுனான். எங்க அழுத்தறான், எப்ப உருவறான்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் வாங்கிக்கிச்சு. அதே வளைவுல கார்பன் தகடு வார்த்து, பொரி மாதிரி லேசான ஃபோம்ல பொதிஞ்சு ஷூ பண்ணாங்க. ஷூ கடைக்கு வந்த அன்னைக்கு அவனுக்குத் தடம் விழறது நின்னுச்சு. பிடிப்பும் போயிடுச்சு, ஓடுனா தரை வழுக்குது. ஜோகூர் பந்தயத்துல ஷூ போட்டவன் அத்தன பேரும் அவன மாதிரியே விரல உருவி ஓட, அவன் கடைசியா வந்தான். கம்பெனி அவன அட்டப்பெட்டி ஒட்டப் போட்டுச்சு, வாங்கி வெச்ச பாஸ்போர்ட்ட மட்டும் திருப்பிக் குடுக்கல. என் தடம் எங்கடான்னு அரவிந்தன்கிட்ட கேட்டான். "கால் உன்னுதுதான் மச்சான், யாரு இல்லங்கறா? டிசைன்தான் கம்பெனியோடது." அதுக்கப்புறம் அரவிந்தன் போன எடுக்கறதில்ல. மொத ஜோடி அரவிந்தனோட மச்சினன் கால்ல இருக்கு.

ஊர்ல போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடற பசங்களும் அந்த ஷூவ வாங்கிட்டாங்க. வாய்க்கா கரையில அவங்க ஓடுனா சேத்துல விழறது வெறுங்கால் தடம், சுண்டுவிரல் திரும்பினது. நடவுக்குப் போன அவன் அம்மா பொன்னுத்தாய் அதப் பாத்துட்டு, "எம்புள்ள வந்துட்டாண்டி"ன்னு நாத்துக்கட்டப் போட்டுட்டு ஓடிப்போய் உலை வெச்சுச்சு. மறுநாளும் வெச்சுச்சு. "ஊருக்கு வந்தவன் ஏன்டா வீட்டுக்கு வராமப் போற?"ன்னு போன்ல ஒரே அழுகை. அவன் வெவரம் சொன்னான். "அப்புடியா"ன்னு கேட்டுகிட்டு, அடுத்த நாள்லேருந்து அந்தப் பசங்களயே கூப்புட்டு சோறு போடுது. ஊர்ல இப்ப யாரும் அதப் பேசறதுகூட இல்ல.

அங்க சாப்புடறவங்க இதப் படிச்சா, கெளம்பறப்ப ஷூவக் கழட்டிக் கையில எடுத்துகிட்டுப் போங்க. வர்ற தடம் இருக்கட்டும். போற தடம் மட்டும் பொன்னுத்தாய் கண்ணுல பட வேணாம்.