ரிட்டர்ன் தோல் போட்ட சீட்டுக்கட்டு

சனிக்கிழமை சாயங்காலமே பேனர் கட்டியாகிவிட்டது. ‘கோட்டைப்போர் சீட்டாட்டத்தில் வென்று சென்னை இறுதிச் சுற்றுக்குச் செல்லும் எங்கள் அண்ணன் புகழேந்தி’ என்று ஆம்பூரில் தன் தெருமுனையிலேயே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் சிரித்தான். போட்டி என்னவோ மறுநாள்தான். வாழ்த்துவோர் பெயர் எதுவும் கீழே இல்லை. யாராவது வாழ்த்தியிருந்தால்தானே போடுவதற்கு. ஜெயித்துவிட்டு வந்து கட்டலாமே என்று மனைவி மேகலா கேட்டதற்கு, இந்த வீட்டில் எவருக்கும் திறமையைப் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டான்.

புகழேந்தி ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். நிறம் இம்மி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதும் அவன்தான். ட்யூப்லைட்டில் ஷேடு பார்க்கும் பெண்களை, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தெரியாதா என்று நாள் முழுக்கப் பேஜார் பண்ணுவான். அப்பேர்ப்பட்டவன், சீட்டு கசங்காமலிருக்க மற்றவர்களைப் போல பிளாஸ்டிக் உறை போடுவானா? முன்பக்கம் கண்ணாடித்தாள், பின்பக்கம் மெல்லிய பழுப்பு ஆட்டுத்தோல், சுற்றிலும் பிரிக்க முடியாத தையல். தோல், ஷேடு சரியில்லை என்று ஒரு ஷூ கம்பெனி திருப்பியனுப்பிய ரிட்டர்ன் சரக்கு. அது கண் தெரியாத எவளோ செய்த வேலை என்பது அவன் கட்சி. வீட்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தே அத்தனையும் தைத்து முடித்தான்.

பாகாயத்தில், மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் போட்டி. வந்தவர்களில் பாதி மருத்துவ மாணவர்கள், எல்லாருக்கும் பிளாஸ்டிக் உறை. ஓசிச் சோற்றுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்தான் புகழேந்தி. கோட்டைப்போர் என்பது எதிராளியின் கோட்டையைத் தகர்க்கும் ஆட்டம். ஆளுக்குச் சொந்தமாகக் கட்டு ஒன்று, கூடவே பத்து உபரிச் சீட்டு. ஒரு சுற்று முடிந்ததும் சரிப்படாததைக் கழித்துவிட்டு உபரியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

போட்டியை நடத்திய டேனியல் உறைகளைப் புரட்டினான். பின்பக்கம் வித்தியாசமாக இருந்தால் எதிராளி சீட்டைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் எல்லாம் ஒரே மாதிரிதானா என்று கேட்டான்.

“ஷேடு பாக்கறவன்கிட்டயே ஷேடு கேக்கறியா தம்பி?”

ஹாலின் ட்யூப்லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. டேனியலும் விட்டுவிட்டான்.

முதல் சுற்றில் புகழேந்தி தட்டுத்தடுமாறித்தான் தேறினான். யானைச் சீட்டுகள் பலமானவை, ஆனால் களத்தில் இறக்க நேரம் பிடிக்கும். கை நிறைய யானையை வைத்துக்கொண்டு விழித்தான். ஆகவே சில யானைகளைக் கழித்து அகழிகளைச் சேர்த்தான். கையில் அகழி இருந்தால், பாய்ந்து வரும் எதிராளியின் படை அதில் விழுந்து மூழ்கும். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் யானை போய் இன்னும் கொஞ்சம் அகழி வந்தது. இறுதி ஆட்டத்துக்குள் உபரியில் இருந்த பத்து அகழியும் கட்டுக்குள் வந்து, யானை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கட்டு தேறிவிட்டது என்று கூட வந்திருந்த மேகலாவிடம் விளக்கினான். அவள் எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

எல்லாரும் பார்க்க வசதியாக இறுதி ஆட்டத்துக்கு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். வெயில் நேராக விழுந்தது. எதிரே ஹீனா, அவளும் ஆம்பூர்க்காரிதான். பூனைக்குட்டி படம் போட்ட அவளது உறைகளைப் பார்த்துப் புகழேந்தி வாய்விட்டுச் சிரித்தான்.

அதற்குப் பிறகு சிரிக்க அவனுக்கு வாய்க்கவில்லை. அவன் கையில் அகழி இருந்தவரை ஹீனா படையை நகர்த்தவே இல்லை. துப்பட்டாவைச் சரிசெய்தாள், எலுமிச்சை சாதத்தின் வாசனையைப் பாராட்டினாள். ஆட்ட முறைப்படி அவன் அகழியைக் கீழே போட்ட அடுத்த நொடி மொத்தப் படையையும் ஏவினாள். இப்படியே கோட்டை விழுந்தது. யாரோ பின்னாலிருந்து ஜாடை காட்டியிருக்கிறார்கள் என்று புகழேந்தி கத்தினான்.

ஹீனா முதலில் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்தான், அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அப்புறம் அவன் கட்டை வாங்கி, வெயிலில் கவிழ்த்துப் பரப்பினாள். எல்லாம் பழுப்பு, பத்து மட்டும் செம்பழுப்பு. ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பத்தும் அகழி. உபரிச் சீட்டுகளை அவன் கடைசியில் வேறொரு தோலில் தைத்திருந்தான்.

“போன மாசம் எங்க ஷூ கம்பெனியில இந்தத் தோல ரிட்டர்ன் போட்டதே நான்தான் அண்ணா. இத்தையும் போட்டுடலாமா?”

டேனியல் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். மருத்துவ மாணவர்கள் அந்த மரியாதையைக்கூடக் காட்டவில்லை.

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. புகழேந்தி மெதுவாகச் சொன்னான்.

“ட்யூப்லைட்ல ஒண்ணாத்தான் இருந்திச்சி.”

“அப்ப ஃபேக்டரியில அந்தப் பொண்ணுங்கள இன்னாத்துக்குத் திட்றீங்க?” என்றாள் மேகலா.

ஆம்பூரில் காற்று வாங்கிக்கொண்டு நடந்து வருகிறேன் என்று ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டான். மேகலா வழக்கமான ஸ்டாப்பில் இறங்கி, பேனருக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்கக் கேட்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சுற்றுவழியில் வீடு வந்து சேர்ந்தபோது, எதிர்வீட்டு முத்துமாரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பேனரை எப்போது அவிழ்க்கப் போகிறான், தன் வீட்டுக் கோழிக்கூண்டு மழையில் ஒழுகுகிறது என்று கேட்டாள்.