வலம் வந்தால் 1999

கெடாருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் போரில் இறந்தவர்கள் இரண்டே பேர். சிப்பாய் பூமாலை 1971இல். நாயக் அமலதாஸ் 1999இல், கார்கிலில். இந்த இரண்டு பெயரைக் கல்லில் வெட்டுவதற்குள் ஊருக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

எந்தப் பெயர் மேலே என்பதுதான் சிக்கல். பூமாலையின் மனைவி வீரம்மாள், "முன்னாடி செத்தவரு முன்னாடி" என்றார். அமலதாஸின் மனைவி சகாயசெல்வி, "நாயக்கு சிப்பாய்க்கு மேல, பெரிம்மா. பட்டாளத்துலயே அப்டித்தான்" என்றார். பக்கத்தில் பக்கத்தில் போடலாமென்றால் இடது கைப்பக்கம் யாருக்கு? முதுகோடு முதுகாகப் போடலாமென்றால் ரோட்டைப் பார்த்த பக்கம் யாருக்கு?

ஊராட்சித் தலைவர் காந்திமதி, திண்டிவனத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் அலெக்ஸிடம் போனார்.

"வட்டத்துக்கு ஏதுங்க முன்னாடி பின்னாடி?" என்று அலெக்ஸ் ஓர் உருளைத் தூணை வரைந்து காட்டினார். தூணைச் சுற்றி பெல்ட் போல ஒரே வரி: சிப்பாய் பூமாலை, 1971, நாயக் அமலதாஸ், 1999. நான்குக்கும் நடுவே ஒரே அளவு இடம், ஒரே மாதிரிப் பூ. எங்காவது இடைவெளி கொஞ்சம் கூடினாலும் அங்கேதான் தொடக்கம் என்று கண் முடிவு செய்துவிடும் அல்லவா? அதற்குத்தான்.

எழுத்து வெட்டும் முறையும் அழகானது. கல்லின் மேல் ரப்பர் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் உரித்தெடுப்பார்கள். பிறகு குழாயில் மணலை வேகமாக அடித்தால், ரப்பரில் பட்ட மணல் துள்ளி விழும். திறந்த கல்லில் பட்டது குழி பறிக்கும். கெட்டியானது தாங்காததை மெத்தென்றிருப்பது தாங்கிவிடும். குழியில் பொன் நிறம் பூசினால் வேலை முடிந்தது.

குடியரசு தினத்தன்று திறப்பு விழா. வீரம்மாள் கற்பூரம் ஏற்றிவிட்டு, அறிவொளி வகுப்பில் கற்ற படிப்பால் எழுத்துக் கூட்டிக்கொண்டே தூணை வலம் வந்தார். "சிப்பாய் பூமாலை" என்று படித்து, நாலடி நடந்து நின்றார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போதா?"

இது எப்படி நடந்தது என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பெயின்ட் டப்பாவைத் தரையில் வைத்து வலம் வாருங்கள். டப்பா உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். நின்று அதைப் பார்த்துத் திரும்பினால், நீங்கள் போய்க்கொண்டிருந்த திசை உங்கள் இடது பக்கம். தமிழோ இடமிருந்து வலமாகப் போகிறது. ஆகவே வலம் வருகிறவருக்கு வரிசை தலைகீழாக வரும்: பூமாலைக்குப் பிறகு 1999, அமலதாசுக்குப் பிறகு 1971. எல்லா இடைவெளியும் ஒன்றே என்பதால் எந்த வருடம் யாருடையது என்று கல் சொல்லாது.

பின்னாலேயே சுற்றி வந்த சகாயசெல்வி கொதித்துவிட்டார். "எங்க வீட்டுக்காரரு ரெண்டு வயசுல செத்துட்டாரா? அப்ப எனக்குத் தாலி கட்டுனது யாருங்க? எம்புள்ள ஜெனித்துக்கு இனிஷியல் யாரு குடுத்தது?"

"ஒரு கோடு போதுங்க" என்றார் அலெக்ஸ். "பேரையும் அவங்கவங்க வருசத்தையும் கோட்டால சேத்துட்டா எந்தப் பக்கம் சுத்தினாலும் தப்பு வராது." வேனிலிருந்து மெஷினை எடுத்து வந்து வயரைச் செருகினார்.

வீரம்மாள் தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"கோடு வாணாம்."

"பெரிம்மா, பேஜாரு பண்ணாதீங்க. வருசம் தப்பா இருக்குது."

"இருக்கட்டும். அவரு ஒடம்பு வரலடி. டிரங்குப் பொட்டிதான் வந்துச்சி. கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருக்கசொல்ல பஸ்ஸு நின்னா, யாரு எறங்குறாங்கன்னு நிமிந்து பாப்பேன். அது எத்தினி வருசமின்னு எனக்கே தெரியாது. இந்தக் கல்லாவது அவருக்கு இருவத்தெட்டு வருசம் கூடக் குடுத்துக்குது. கோட்டப் போட்டு இன்னொரு தடவ கொன்னுடாதீங்க."

அலெக்ஸ் வயரைப் பிடுங்கிவிட்டார். சகாயசெல்வி மட்டும் விடவில்லை.

"உங்களுக்குக் கூட்டிக் குடுத்தா எனக்குக் கொறையுதே."

"உனக்கு வலம் வரணும்னு இன்னா சட்டம்? உங்க கோயில்ல அப்டி யாரும் சொல்லலியே. அந்தாண்டையா சுத்து."

சகாயசெல்வி முறைத்துவிட்டு மறுபக்கமாக நடந்தார். நாயக் அமலதாஸ். நாலடி. 1999. இன்னொரு முறை சுற்றி உறுதி செய்துகொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் வருகிறார்கள், ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றுகிறார்கள். ஒரே வட்டத்தில் எதிரெதிரே ஒரே வேகத்தில் நடக்கும் இரண்டு பேர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சந்தித்தே தீர வேண்டும். வீரம்மாளுக்கு முழங்கால் வலி. அவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் சகாயசெல்வி இரண்டு முடித்துவிடுவார், ஆகவே மூன்று முறை. தூணைச் சுற்றியுள்ள மேடையோ ஓர் ஆள் நடக்கிற அகலம்தான்.

"எறங்குடி."

"இப்பதான் பெரிம்மா எறங்கி ஏறுனேன். இந்த வாட்டி நீங்க."

"எனக்கு முட்டி வலிக்குது."

சகாயசெல்வி இறங்கி, கை கொடுத்து அவரைக் கடக்கவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார்.