ஒரு பக்கெட் தண்ணி

எங்கூட்டுக்காரரு ஆறுச்சாமி பாத்ரூம்ல வழுக்கி உழுந்து இடுப்புல அடிபட்டதுல இருந்து, குளிக்கப் போனா தாப்பாப் போடறதில்லீங்க. கதவைச் சும்மா சாத்திட்டு ஸ்டூல் மேல உக்காந்து குளிப்பாரு. நான் வெளிய துண்டைப் புடிச்சுக்கிட்டு, "ஏனுங்க மாமா, இருக்கீங்களா?"ன்னு குரல் குடுத்துக்கிட்டே நிப்பேன். லேத் பட்டறைல ஆளுகளை அதட்டி வேலை வாங்கற மனுசன், "இருக்கேன் அம்மணி"ம்பாரு. எனக்கு அழுகாச்சி வரும். எல்லாத்துக்கும் காரணம் அந்தத் தரைதான். வாட்டம் சரியில்லாம தண்ணி கட்டி நின்னு பாசி புடிச்சுக் கெடந்துச்சு. மொத்தத்தையும் உடைச்சுப் புதுசாப் போடோணும்னு ஒரே புடியா நின்னேன்.

"நம்ம அத்தை மவன் கிருபாசங்கரு காண்ட்ராக்ட் எடுக்கறான். வெளியாளு எதுக்கு?"ன்னாரு இவரு.

வந்தான் கிருபாசங்கரு. பேச்சுல தேன் ஒழுகுது. போன்ல போட்டோவாத் தள்ளித் தள்ளிக் காட்டறான். "அக்கா, நீங்க கண்ணை மூடிட்டு எங்கிட்ட உடுங்க"ங்கறான். போன தடவை வேற ஒருத்தன்கிட்ட அப்படி உட்டதுலதான என்ற மனுசன் இடுப்பைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு! "போட்டோ வேண்டாங் கண்ணு. நீ வேலை செஞ்ச ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னுட்டேன்.

பல்லடத்துல ஒரு ஊட்டுக்கு இவரையும் கூட்டிட்டுப் போனோம். ஊட்டுக்காரம்மா லோகப்பிரியா காப்பி குடுத்து, "அருமையாச் செஞ்சாருங்க, தங்கமான மனுசனுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்குது. நம்ம சனத்தை எனக்குத் தெரியாதா? வந்தவங்க முன்னால கூரையே உழுந்தாலும் "பரவாயில்லீங்க, காத்தோட்டமா இருக்குது"ம்போம். "பாத்ரூம் போய்ட்டு வாரேனுங்க"ன்னு எந்திரிச்சேன். உள்ள போய் ஒரு பக்கெட்டை ரொப்பி அப்படியே கவுத்துப்போட்டேன்.

தண்ணி கொஞ்சம் யோசிச்சுது. அப்பறம் தண்ணி போற ஓட்டையை உட்டுப்போட்டுக் கதவுக்கடில பூந்து ஹாலுக்குக் கெளம்பிருச்சு. எட்டிப் பாக்கறேன், லோகப்பிரியா "சொன்ன தேதிக்கு முடிச்சாருங்க"ன்னு பேசிக்கிட்டே, சோபாவுக்கடில தயாரா வச்சிருந்த சாக்கைக் காலாலயே தள்ளிப்போட்டு, ரெண்டு காலையும் மேல தூக்கி வச்சுக்கிச்சு. பழக்கமுங்க! இவருக்குத்தான் வேட்டி நுனி நனைஞ்சுபோச்சு. கிருபாசங்கரு ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

அடுத்தது நிஜாம். ஹார்டுவேர்க் கடைக்காரரு சொன்ன ஆளு. சாயங்காலம் வாரேன்னுட்டு மறுநாள் காலைல வந்தான். எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. கடைசியா எங்க வேலை செஞ்சேன்னு கேட்டா, "கிணத்துக்கடவுங்க. ஆனா அங்க வேண்டாங்க்கா, அந்தம்மா என்னைத் திட்டும்"ன்னான்.

"அப்ப அங்கதான் போகோணும்"ன்னேன்.

அந்தம்மா பேரு பங்காரம்மா. கேட்டைத் தொறந்ததுமே புடிச்சுக்கிச்சு. "இவனையா கூப்புடப் போறீங்க? சொன்ன நேரத்துக்கு வருவானா இவன்? டைல்ஸெல்லாம் ஒட்டி முடிச்சு, நான் சோப்பு டப்பாகூட வச்சுட்டேனுங்க. மூலைல துளி தண்ணி நிக்குதுன்னு இவனே உடைச்சுப்போட்டான்! நான் கேட்டனா? அந்தத் தண்ணியை நான் கண்டனா? பக்கத்தூட்டுல போய்க் குளிச்சேனுங்க, மானமே போச்சு!"

நிஜாம் தலையைச் சொறிஞ்சான். "நின்னுச்சுங்கம்மா"ன்னான் மொனகலா.

அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு வயிறு குளுந்துபோச்சு. அதுக்காகப் பக்கெட்டை உட்டுருவனா? கவுத்தேன். தண்ணி நேரா ஓட்டைக்குப் போச்சு. இவரு செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து, வடிஞ்ச தரையைக் கால் பெருவெரல்ல தடவித் தடவிப் பாத்தாரு.

"அத்தை கோவிச்சுக்குமே"ன்னாரு திரும்பி வாரப்ப.

"அத்தைக்கு நான் முறுக்குச் சுட்டுக் குடுத்துச் சமாதானம் பண்ணிக்கறேன். உங்க இடுப்பை எதைச் சுட்டுக் குடுத்துச் சமாதானம் பண்றது?"

நிஜாம் முடிக்கறதுக்குள்ள என்ற பிராணன் போயிருச்சு. அரிசி டப்பாவுக்குள்ளயெல்லாம் சிமெண்டுத் தூசி. ஒரு வழியா வேலை முடிஞ்சு, இவரு புதுத் தரைல மொதல் மொதலாக் குளிக்கப் போனாரு. நான் துண்டோட நிக்கறேன், நிஜாம் ஒரு புருசன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து நிக்கறான். "ஆளு எப்படிங்க?"ன்னு அந்தப் புள்ள கேட்டுது.

"இவனா? சொன்ன நேரத்துக்கு வருவானா இவன்?"ன்னு ஆரம்பிச்சேன்.

உள்ள டக்குனு ஒரு சத்தம். இவரு தாப்பாப் போட்டுக்கிட்டாருங்க. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

"ஐயோ, அவ்வளவு மோசமாவா செஞ்சுபோட்டாரு?"ன்னு பதறிப்போச்சு அந்தப் புள்ள.

"ஆமாங் கண்ணு, இந்தக் கதவுகிட்ட எனக்கு நிக்கற வேலையே இல்லாமப் பண்ணிப்போட்டான்"ன்னேன். "உக்காருங்க. அவரு குளிச்சுட்டு வரட்டும், பக்கெட்டு உள்ளதான் இருக்குது."