மணியை நிறுத்தும் விரல்

விடியற்காலையில் மலை உச்சி நிலையத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் விரல் தோல் ஒட்டிக்கொள்ளும். குளிரைத் தாங்கக் கொக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நானும் உடன் வேலை செய்யும் இலாரியோனும் மல்டிபிளெக்சரின் முன் மண்டியிட்டிருந்தோம். உன்கூரி ஊரின் அத்தனை தொலைபேசிப் பேச்சையும் ஒரே கம்பியில் திரட்டி அனுப்பும் பெட்டி அது. சிவப்பு விளக்கு எரிந்தது. எச்சரிக்கை மணி அலறியது.

மணியை நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் அந்தப் பழுது அவருடையது. முப்பது வருட வழக்கம்.

போன செவ்வாயன்று பெட்டி இப்படிச் செத்தபோது, ஊர் ஆஸ்பத்திரியால் ஆம்புலன்சைக் கூப்பிட முடியவில்லை. பிரசவத்தில் ஒருத்தி இறந்தாள். அன்று மணியை நிறுத்திக் கையெழுத்திட்டவள் என் தம்பி மகள் ரெமேதியோஸ். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று நிர்வாகம் தாள் நீட்டியது. இன்று அவள் ஒப்பமிட்டால் அபராதம். மறுத்தால் வேலை போகும். சோக்கே என்ற எங்கள் குடும்பப் பெயரில் ஒரு சாவை எழுத நான் விடமாட்டேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கைரேடியோவைக் கொடுத்தனுப்பினோம். பிறகு வெளிக்கம்பியைக் கழற்றி, பெட்டி அனுப்புவது அதற்கே திரும்பும்படி துண்டுக் கம்பியால் இணைத்தேன். சிவப்பு அணையவில்லை. ஆகவே குற்றம் கம்பியில் இல்லை, பெட்டிக்குள். மின் அட்டையை அளந்தேன். ஐந்து வோல்ட் வேண்டிய இடத்தில் நாலுகூட இல்லை. ஒன்று சோர்ந்தால் இரண்டாவது அட்டை தாங்க வேண்டும். அதன் மேல் நிர்வாகம் முத்திரை வைத்த தகடு. பக்கத்தில் நின்ற ரெமேதியோஸ் முத்திரையைக் கிழித்துத் தகட்டைக் கழற்றினாள்.

உள்ளே அட்டை இல்லை. எலிப் புழுக்கை இருந்தது.

மணியை நோக்கிப் போன இலாரியோனின் கையைப் பிடித்தேன். "அடிக்கட்டும்."

பத்து மணிக்கு மேலாளர் வல்திவியெசோ சால்தேன்யா என்ற இறைச்சிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே வந்தார். சாறு பெட்டியின் மேல் சொட்டியது.

"காது கிழியுது! எவனாவது அந்தச் சனியன அமுக்குங்கடா!"

"ரெண்டாவது அட்டை எங்க, இன்ஜினியர்?" என்றேன்.

"அதுவா? சும்மா தூங்கிக்கிட்டுதானே இருந்துச்சு. மச்சான் ஓட்டலுக்கு எடுத்துட்டுப் போனேன். மந்திரிங்க தங்குற எடம், போன் வேணாமா?" விரலை நக்கினார்.

"ஒரு தாய் செத்துட்டா."

"செத்தவ திரும்பியா வரப்போறா?" என்று என் பக்கம் திரும்பினார். "தோன் சத்துர்னினோ, நீங்க பெரிய மனுஷன். பொண்ணக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"பெரியப்பா சொன்னாலும் போட மாட்டேன்," என்றாள் ரெமேதியோஸ்.

முதுகை நிமிர்த்தி அவள் பக்கத்தில் நின்றேன்.

"இலாரியோன், நீ அமுக்கு!"

"விரல் சுளுக்கிக்கிச்சு, இன்ஜினியர்."

அடுத்த முறை வேலையாட்கள் நால்வர் வந்து இறங்கினார்கள். திறந்து கிடந்த வெற்றுப் பள்ளத்தைப் பார்த்தார்கள், ரெமேதியோஸைப் பார்த்தார்கள். அவர்களில் கம்பி இழுக்கும் காசில்தா குளிருக்குப் போட்ட கையுறையைக் கழற்றவேயில்லை.

"எனக்கும் சுளுக்குதான். நீங்களே அமுக்குங்க. பேனா அங்கதான் இருக்கு."

வல்திவியெசோவின் எண்ணெய் விரல் பொத்தான் வரை போனது. பக்கத்தில் பதிவேடு திறந்திருந்தது. விரல் சட்டைப்பைக்குத் திரும்பியது.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

ஏழு பேரும் தரையில் உட்கார்ந்தோம். மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவரும் காதைப் பொத்தவில்லை.