ஃப்ளாஸ்க்கில் கட்டிய ரிப்பன்

பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் டெல்ஃபினா கழுத்திலிருந்த நீல ரிப்பனைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அம்மா சூல்மா தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோடை விடுமுறை முழுக்க ஒரு கரண்டி பால் இனிப்பைக் காட்டிக் காட்டி, கெஞ்சியும் கொஞ்சியும் மகளைப் பழக்கியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டது. வெள்ளைக் கோட்டும் கழுத்து நிறைய நீல ரிப்பன் பூவும் இல்லாமல் உருகுவாயில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது? இந்தச் சால்ட்டோ ஊரில் பேரன் எடுத்த கிழவர்கள்கூட, சின்ன வயதில் யார் ரிப்பன் பெரிசு என்று இன்னும் சண்டை போடுவார்கள்.

ஏழு வயது டெல்ஃபினாவுக்கோ கழுத்தில் எது பட்டாலும் நெருப்புப் பட்ட மாதிரி. பேச்சும் அளந்துதான் வரும். முதல் பள்ளிக்கூடத்தில், "இவளுக்குச் சிறப்புப் பள்ளிதாம்மா சரி" என்றார்கள். சிறப்புப் பள்ளியில், "இவ்வளவு நல்லா வாசிக்கிறா, இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்த மூன்றாவது பள்ளியின் தலைமையாசிரியை ஒஃபேலியாதான், "ஒரு நாள் வந்து உட்காரட்டும், பார்க்கலாம்" என்றிருந்தாள். இதுவும் கைவிட்டால் குழந்தை வீட்டுச் சுவரைப் பார்த்தபடி வளர வேண்டியதுதான்.

இரண்டாம் வகுப்பு வாத்தியார் வாஷிங்டன் வாசலுக்கு வந்தார். கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை, அக்குளில் வெந்நீர் ஃப்ளாஸ்க். டெல்ஃபினா நேரே போய் அந்த ஃப்ளாஸ்க்கின் கழுத்தில் ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சூல்மாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார்..."

"இருங்கம்மா." அவர் ஃப்ளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூவோட ரெண்டு காதும் ஒரே அளவு! நான் கட்டினா செத்த வௌவால் மாதிரி தொங்கும்." குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார். "உள்ள எல்லாரும் கோணலாக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வந்து பார்க்கிறியா?"

"கோணல்," என்றாள் டெல்ஃபினா, கண்டிப்பான குரலில். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

சூல்மா எதிர்ச் சதுக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பையில் இன்னொரு ரிப்பன் இருந்தது. அதை இஸ்திரி போட்டு வைத்ததை நினைத்தால் அவளுக்கே சிரிப்பாக வந்தது, அழுகையாகவும் வந்தது. உள்ளிருந்து எப்போது அலறல் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

மதியம் மணி அடித்தது. ஓடி வந்த பிள்ளைகளின் கழுத்தில் ரிப்பன்கள் ஒன்றுபோல நேராக நின்றன. கடைசியில் வெறுங்கழுத்தோடு டெல்ஃபினாவும், பின்னாலேயே ஒஃபேலியாவும் வாஷிங்டனும் வந்தார்கள்.

"படிச்சாளா சார்?" சூல்மா ஓடிவந்து கேட்டாள்.

"எல்லாத்தையும் நேராக்குற வரைக்கும் வாயே திறக்கல. அப்புறம் ஒரு பக்கம் தடங்கலில்லாம வாசிச்சா. கண்ணு முன்னால அத்தனை கோணலை வெச்சுக்கிட்டு யாருக்குப் படிப்பு ஏறும்?"

"ஆனா இவ கழுத்துல ரிப்பன் நிக்காதும்மா," என்று சூல்மா தலைமையாசிரியையைப் பார்த்தாள். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒஃபேலியா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வாஷிங்டனின் ஃப்ளாஸ்க்கைக் காட்டினாள். "அதான் கட்டியிருக்காளே. நாளைக்குச் சீக்கிரமா அனுப்பு. இவர் வகுப்புப் பிள்ளைங்க வரும்போதே கோணலாத்தான் வரும்."

சூல்மா அங்கேயே அழுதாள், வெட்கப்படாமல். கண் துடைக்கக் கைக்குட்டையைத் தேடியபோது பையிலிருந்த ரிப்பன் வெளியே வந்தது. டெல்ஃபினா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"குனி," என்றாள்.

சூல்மா குனிந்தாள். சின்ன விரல்கள் கழுத்தடியில் இழுத்தன, மடித்தன, தட்டிச் சரிசெய்தன. பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு கடைத்தெரு வழியே வீட்டுக்கு நடந்தார்கள்.

"என்ன சூல்மா," என்று ரொட்டிக்கடை நெல்சன் கத்தினான், "எந்தக் கிளாஸ்ல சேர்ந்திருக்க?"

"ரெண்டாங்கிளாஸ்டா!" என்று பதிலுக்குக் கத்தினாள் சூல்மா. ஆற்றுக் காற்றில் ரிப்பனின் இரண்டு காதுகளும் படபடத்தன. டெல்ஃபினா நின்று, அம்மாவைக் குனியச் சொல்லி, இடது காதை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.